பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கு இன்சூரன்ஸ்

எங்கள் தெருவில் பதினான்கு வீடுகள். ஆறு வீட்டில் ராத்திரி விளக்கு எரியாது. சொந்தக்காரர்கள் சிங்கப்பூர், துபாய், பாரிஸ் புறநகர் என்று இருக்கிறார்கள். வலங்கைமானில் மட்டும் இப்படி இல்லை. கூத்தாநல்லூருக்கு ‘சின்ன சிங்கப்பூர்’ என்றே பெயர். அங்கே போய்ப் பாருங்கள், மாளிகை மாதிரி வீடுகள், வாசலில் பூட்டு. எங்கள் தெருவின் ஆறு வீட்டில் மூன்றின் சாவி என்னிடம் இருக்கிறது. அதில் ஒன்று என் பெரியம்மா மகன், அண்ணனுடையது. அந்த வீட்டின் கதையைத்தான் சொல்லப்போகிறேன்.

நான் காரைக்காலில் பிறந்து பிரெஞ்சு வழியில் படித்தவன். 1954 நவம்பர் 1-ஆம் தேதி கொடி மாறியபோது எனக்கு நாலு வயது. சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்ட் 16-இல்தான் நடந்தது. பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுவோர் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்றார்கள். பெரியப்பா எழுதிக் கொடுத்தார், எங்கள் அப்பா கொடுக்கவில்லை. அதனால் அண்ணன் பிரெஞ்சு ராணுவத்தில் சேர்ந்து ‘சொல்தா’ ஆனார். நான் குமாஸ்தா ஆனேன். வலங்கைமான் எங்கள் அம்மாக்கள் பிறந்த ஊர். தாத்தா வீடு பெரியம்மா வழியாக அண்ணனுக்கு வந்தது. ஓய்வு பெற்ற பிறகு நானும் இதே தெருவில் வந்து குடியேறினேன்.

அந்தக் காலத்திலும் நம் ஆட்கள் ரங்கூன், பினாங்கு, சைகோன் என்று போனவர்கள்தாம். ஆனால் வீட்டைப் பூட்டிவிட்டுப் போனதில்லை. ஒரு விதவை அத்தையோ, பிள்ளை இல்லாத சித்தப்பாவோ உள்ளே இருப்பார். ஐப்பசி மழைக்கு முன் ஆள் வைத்து ஓடு பிரித்து மாற்றுவது, கொல்லைத் தேங்காயை எண்ணி வைப்பது, பொழுது சாய்ந்தால் மாடத்தில் விளக்கேற்றுவது எல்லாம் அவர் பொறுப்பு. கூலியாக வருஷத்துக்கு இத்தனை கலம் நெல் என்று கணக்கு. 1952 நவம்பர் 30-ஆம் தேதி நாகப்பட்டினத்தில் கரையேறிய புயலில் இந்த வீட்டின் ஓடெல்லாம் பறந்ததாக அம்மா சொல்வாள். 1977 நவம்பர் 12-ஆம் தேதிப் புயலில் நானே பார்த்தேன். இரண்டு தடவையும் மறுநாள் காலையிலேயே உள்ளே இருந்தவர் கீற்றை வைத்து மூடிவிட்டார். தை பிறந்ததும் ஓடு போட்டார்கள். எந்தக் கம்பெனிக்கும் யாரும் மனு எழுதவில்லை.

வீட்டுக்கு இன்சூரன்ஸ் என்பது வெள்ளைக்காரன் ஊரில் பிறந்த சரக்கு. 1666-இல் லண்டன் தீப்பிடித்து எரிந்தது. அதன் பிறகு 1680 வாக்கில் நிக்கோலஸ் பார்பன் என்பவர் வீடுகளுக்குத் தீ இன்சூரன்ஸ் ஆரம்பித்தார். நம் நாட்டில் 1850-இல் கல்கத்தாவில் டிரைட்டன் கம்பெனி வந்தது. இங்கே கிடங்குகளையும் ஆலைகளையும் தாண்டி அது குடியிருக்கும் வீட்டுக்கு வர வெகுகாலம் ஆயிற்று. 1973 ஜனவரி 1 முதல் 107 கம்பெனிகளை நான்காகத் திரட்டி அரசு எடுத்துக்கொண்டது. யுனைடெட் இந்தியாவுக்குத் தலைமையிடம் நம் சென்னை. ஆனாலும் இன்சூரன்ஸ் என்றால் நம் மக்களுக்கு எல்.ஐ.சி.தான். வங்கிக்காரன் வீட்டுக் கடனோடு சேர்த்துக் கொடுத்தபோதுதான் பலர் வீட்டுப் பாலிசியைக் கண்ணால் பார்த்தார்கள்.

2004 சுனாமியில் காரைக்கால் கடற்கரையைப் பார்த்துவிட்டு அண்ணன் பயந்துபோனார். அடுத்த வருஷம் வீட்டைப் பழுதுபார்த்த கையோடு ஒரு பாலிசி எடுத்தார். ஏஜெண்ட்தான் படிவத்தை நிரப்பினார். எளிதில் தீப்பற்றும் பொருள் அருகில் உண்டா என்று ஒரு கேள்வி வந்ததும் நாங்கள் மூவரும் சிரித்துவிட்டோம். வலங்கைமான் வெடி தெரியாதவர்கள் இந்தப் பக்கம் யார் இருக்கிறார்கள்? வீட்டில் யார் குடியிருக்கிறார்கள் என்று மட்டும் ஏஜெண்ட் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை.

அதற்கு முன் அண்ணனுக்கு வேறு ஒரு நம்பிக்கை இருந்தது. “பிரான்சிலே எனக்கு மல்டிரிஸ்க் இருக்கே தம்பி, புயல் வெள்ளம்னாலும் அவங்க கொடுப்பாங்க” என்பார். அவருடைய பிரெஞ்சுப் பாலிசியை வாங்கிப் படித்தேன். இயற்கைப் பேரிடருக்கு இழப்பீடு தரும் சட்டத்தை அங்கே 1982 ஜூலை 13-இல் கொண்டுவந்தார்கள், நல்ல சட்டம். ஆனால் அது பிரெஞ்சு மண்ணுக்குத்தான். பாலிசியும் அதில் எழுதியிருக்கும் விலாசத்துக்குத்தான். நம் 1938 இன்சூரன்ஸ் சட்டத்திலோ, இந்தியாவில் உள்ள சொத்தை அனுமதி இல்லாமல் வெளிநாட்டுக் கம்பெனியிடம் இன்சூர் செய்யக்கூடாது என்று ஒரு பிரிவே இருக்கிறது. ஆகவே வெளிநாட்டில் இருந்தாலும் இங்குள்ள வீட்டுக்கு இங்கேதான் எடுக்க வேண்டும்.

2018 நவம்பர் 16, கஜா. தெற்கே வேதாரண்யம், முத்துப்பேட்டைப் பக்கம் பட்ட பாட்டோடு ஒப்பிட்டால் எங்கள் ஊருக்கு வந்தது ஒன்றுமே இல்லை. ஆனால் கொல்லைத் தென்னை ஒன்று விடியற்காலையில் அண்ணன் வீட்டுக் கூரைமேல் சாய்ந்தது. விட்டம் முறிந்து, முற்றத்துத் தாழ்வாரம் முழுக்க இறங்கிவிட்டது. நான் போட்டோ எடுத்து, கம்பெனிக்கு எழுதிப்போட்டேன். சர்வேயர் வந்தார், மரியாதையான பையன். அளந்து முடித்துவிட்டு, “வீட்டுல யாரு சார் இருக்காங்க?” என்று கேட்டார்.

“யாரும் இல்லப்பா, வருஷத்துக்கு ஆறு வாரம் அண்ணன் வருவாரு. சாவி எங்கிட்டதான் இருக்கு” என்றேன்.

அதை அப்படியே எழுதிக்கொண்டார். இரண்டு மாதம் கழித்து மூன்று வரியில் கடிதம் வந்தது. கட்டடம் தொடர்ந்து 30 நாளுக்கு மேல் ஆளில்லாமல் இருந்ததால் பாலிசி செல்லாது என்றார்கள். பாலிசியை எடுத்துப் பார்த்தேன். பொது நிபந்தனைகளில் மூன்றாவதாக அது அச்சடித்தே இருந்தது. சேதம் நடக்கும் முன்பே கம்பெனியிடம் சொல்லி, அவர்கள் சம்மதத்தைப் பாலிசியின் மேல் எழுதி வாங்கியிருந்தால் செல்லும் என்றும் அதிலேயே இருந்தது. பதின்மூன்று வருஷம் பிரீமியம் கட்டியிருக்கிறோம். முப்பத்தைந்து வருஷம் மற்றவர்கள் மனுவில் ஓட்டை கண்டுபிடித்துச் சம்பளம் வாங்கியவன் நான். பிரெஞ்சுப் பாலிசியை வரிவரியாகப் படித்த நான் இந்த ஆறு பக்கத்தைப் படிக்கவில்லை.

கம்பெனி சொல்வதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. ஆள் இருக்கும் வீட்டில் சின்ன நெருப்பை ஒரு குடம் தண்ணீரால் அணைத்துவிடலாம். பூட்டிய வீட்டில் அது தெருவுக்குத் தெரிவதற்குள் பாதி வீடு போய்விடும். திருட்டு விஷயத்தில் பிரெஞ்சுப் பாலிசிகளும் இப்படி நாள் கணக்கு வைப்பதுண்டு. நியாயமில்லாதது, படிவம் நிரப்பும்போது அதைச் சொல்லாமல் விட்டது. இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேனுக்குப் போகலாம், செலவில்லை என்றேன். “வுடு தம்பி, இந்த வயசுல யாரு அலையிறது” என்று அண்ணன் சொல்லிவிட்டார். கூரைக்கு ஒரு லட்சத்து எண்பதாயிரம் ஆயிற்று. அவர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

2021 ஏப்ரல் 1 முதல் எல்லாப் பொதுக் காப்பீட்டுக் கம்பெனிகளும் ‘பாரத் கிருஹ ரக்ஷா’ என்ற ஒரே மாதிரியான வீட்டுப் பாலிசியைக் கொடுக்கின்றன. பத்து வருஷம் வரை சேர்த்து எடுக்கலாம். திரும்பக் கட்ட ஆகும் செலவுக்குத்தான் காப்பு. தொகையைக் கொஞ்சம் குறைத்துப் போட்டிருந்தாலும் அதற்காக விகிதம் பார்த்து வெட்டமாட்டார்கள். உள்ளே இருக்கும் சாமான்களுக்குக் கட்டடத் தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் பத்து லட்சம் வரை தானாகவே சேரும். பழையதைவிட நல்ல பாலிசிதான். ஆனால் வெளியூர்ப் பிள்ளைகளுக்காக எடுக்கும்போது, “வீடு வருஷத்தில் பத்து மாதம் பூட்டியிருக்கும்” என்று நீங்களே கடிதமாக எழுதிக் கொடுத்து, அவர்கள் பதிலையும் எழுத்தில் வாங்கிப் பாலிசியோடு வையுங்கள். வாயால் சொன்னது அலுவலகத்தில் நிற்காது. பட்டாவும் பாருங்கள். நம் பக்கத்தில் பாதி வீடு இன்னும் செத்துப்போன தாத்தா பெயரில்தான் இருக்கிறது. வீடு யாருடையது என்பதே தகராறானால் இழப்பீடு யார் கைக்குப் போகும்?

அண்ணன் வீட்டுப் பின்கட்டில் இப்போது தையல்காரர் ஒருவர் குடும்பத்தோடு இருக்கிறார். வாடகை பெயருக்குத்தான். அவர் இருக்கும் விவரத்தைக் கம்பெனிக்கு எழுதி, ஒப்புதல் முத்திரை வாங்கி வைத்திருக்கிறேன். பங்குனியில் மாரியம்மன் கோயில் பாடைக்காவடிக்கு அண்ணன் வருகிறார். போன வாரம் போனில், “மாடத்துல விளக்கு ஏத்துறாங்களா தம்பி?” என்று கேட்டார். தையல்காரர் பெண்சாதி தினம் ஏற்றுகிறாள் என்றேன்.