மௌனமும் ஒப்புதலும்: கொள்ளேகால் ஊழியரின் ஓய்வூதியமும் 115(7) வரம்புரையும்

ஆட்சி கைமாறும்போது ஓய்வூதியம் என்னவாகிறது என்ற கேள்வியை ஐ.சி.எஸ். அதிகாரிகளை முன்வைத்தே பேசிப் பழகிவிட்டோம். அவர்களுக்கு அரசமைப்பின் 314ஆம் உறுப்பே காவல் நின்றது. அதை நீக்க 1972இல் 28ஆவது திருத்தம் வேண்டியிருந்தது. 1956 நவம்பர் 1 அன்று கொள்ளேகால் வட்டம் கோயம்புத்தூர் மாவட்டத்தைவிட்டு மைசூருக்குப் போனது. சென்னை அரசில் வேலைக்குச் சேர்ந்து மைசூருக்கு ஒதுக்கப்பட்ட தாலுகா அலுவலக குமாஸ்தா பற்றிக்கொள்ள இருந்தது, மாநிலங்கள் மறுசீரமைப்புச் சட்டத்தின் 115(7)இல் உள்ள ஒரு வரம்புரை. மாறியது மாநில எல்லைதானே, இறையாண்மை அல்லவே என்பார் உண்டு. ஓய்வூதியம் தரும் அரசு மாறியது. இக்கட்டுரைக்கு அது போதும்.

மத்திய அரசின் முன் ஒப்புதலின்றி, ஊழியருக்குப் பாதகமாகப் பணிநிலைகளை மாற்றக் கூடாது என்கிறது வரம்புரை. அது விரைவிலேயே வெறும் எழுத்தாகிவிட்டது என்பது ஆய்வாளரிடையே நிலைபெற்ற கருத்து. தென் கன்னட மாவட்டத் துணை ஆணையருக்கு எதிரான வழக்கில் 1964இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பே இதற்கு ஆதாரமாகக் காட்டப்படுகிறது. 1957 மே 11ஆம் தேதி மத்திய அரசு மாநிலங்களுக்கு அனுப்பிய குறிப்பாணையையே முன் ஒப்புதலாகக் கொள்ளலாம் என்றது அத்தீர்ப்பு. விதிக்கு விதி தனி ஒப்புதல் தேவையில்லை என்றானபின் காப்பு எங்கே என்று கேட்கிறார்கள்.

தீர்ப்பு எடுத்துக்காட்டும் குறிப்பாணை வாசகத்தை நிதானமாகப் படித்தால் இம்முடிவு தங்காது என்றே எனக்குத் தோன்றுகிறது. பயணப்படி, ஒழுங்கு, கட்டுப்பாடு, வகைப்பாடு, மேல்முறையீடு, நடத்தை, தகுதிகாண் பருவம், துறைப் பதவி உயர்வு ஆகியவற்றுக்குக் காப்பு அளிப்பது பொருந்தாது என்கிறது அது. இந்தப் பட்டியலில் ஓய்வூதியம் இல்லை. மௌனம் வாக்குறுதியாகுமா என்று கேட்கலாம். பொதுவாக ஆகாது. ஆனால் இந்த வரம்புரையின் கட்டமைப்பு வேறு: காப்பு முன்னரே இருக்கிறது, ஒப்புதல் வந்தால்தான் அது விலகும். ஒப்புதல் பெயர் சொல்லாத இடத்தில் காப்பு அப்படியே நிற்கிறது. வரம்புரையைத் தளர்த்தியதாகச் சொல்லப்படும் அதே ஆவணம், ஓய்வூதிய விதிகளைத் தொடாமல் விட்டிருக்கிறது. பட்டியல் தற்செயலாக அமைந்தது என்ற மறுப்பைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. பயணப்படியை நினைவில் வைத்து எழுதியவர்கள் ஓய்வூதியத்தை மறந்திருப்பார்கள் என்று நம்ப இடமில்லை. ஓய்வூதியம் அரசின் கருணைக்கொடை அன்று, சொத்து என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 1971இல்தான். கொள்ளேகால் ஊழியருக்கு அந்தத் துணை கிட்டும்வரை இந்த மௌனமே அரணாக இருந்தது.

ஒன்றை மறைக்க முடியாது. ஓய்வூதிய விதி காக்கப்பட்டாலும், தொகையைத் தீர்மானிப்பது ஓய்வுக்கு முன் வாங்கிய ஊதியம்; அந்த ஊதியத்தைத் தீர்மானிப்பது பதவி உயர்வு. பதவி உயர்வோ காப்பு மறுக்கப்பட்ட பட்டியலில் இருக்கிறது. சென்னையில் தொடர்ந்திருந்தால் தலைமைக் குமாஸ்தாவாக ஓய்வு பெற்றிருக்கக்கூடியவர், மைசூரின் பணிமூப்புப் பட்டியலில் பின்தங்கிக் குமாஸ்தாவாகவே விடைபெற்றால், சென்னை விதிப்படியே கணக்கிட்டாலும் கைக்கு வருவது குறையும். காப்பு வெறும் எழுத்தானது என்போர் தேட வேண்டிய இழப்பு பணிமூப்புப் பட்டியல்களில் இருக்கிறது, ஓய்வூதிய விதிகளில் அல்ல.