பதினொரு மாஷா: தலித் தன்வரலாறுகளில் உணவும் குடும்பமும் சான்றிதழும்

ஒரு தோலா பொன்னின் எடை பன்னிரண்டு மாஷா. பதினொன்று மட்டுமே இருந்தால் அது குறைபட்ட பொன். முறையான மணவுறவில் பிறக்காத பிள்ளையை இழித்துரைக்க மராத்தியில் வழங்கும் ‘அக்கர்மாஷி’ என்னும் வசைச்சொல் இக்கணக்கிலிருந்து பிறந்தது. முப்பது வயதை எட்டுமுன்பே தம் வாழ்க்கையை எழுதி 1984இல் வெளியிட்ட சரண்குமார் லிம்பாலே, அந்த வசையையே நூலின் பெயராக வைத்தார்.

உணவையும் குடும்பத்தையும் முன்வைத்து ஒருவர் வளர்ந்த கதையைச் சொல்லும் நூல்கள் இன்று புத்தகக் கடைகளில் தனி அடுக்கையே பிடித்திருக்கின்றன. பாட்டியின் கைப்பக்குவம், இரு பண்பாடுகள் கலந்த சமையலறை, அந்நிய மண்ணில் பிறந்த பேரப்பிள்ளையின் ஏக்கம் என்று அவற்றின் தடம் பெரும்பாலும் ஒன்றே. அந்த அடுக்கில் ‘அக்கர்மாஷி’யை யாரும் வைப்பதில்லை. ஆனால் அந்த வகைக்குரிய இலக்கணம் அனைத்தும் இந்நூலில் உண்டு. பாட்டி இருக்கிறார், அடுப்பு இருக்கிறது, பல மதமும் பல சாதியும் கலந்த குடும்பமும் இருக்கிறது.

அக்குடும்பத்தைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். லிம்பாலே 1956இல் சோலாப்பூர் மாவட்டத்தில் பிறந்தவர். தாய் மசாமாயி மகர் சாதியைச் சேர்ந்தவர். தந்தை நிலமும் அதிகாரமும் கொண்ட லிங்காயத்துப் பாட்டீல். அவர் மகனை ஏற்கவில்லை. பிள்ளையை வளர்த்தவர் தாய்வழிப் பாட்டி சந்தாமாயி. அவரோடு வாழ்ந்த ‘தாதா’ ஒரு முஸ்லிம், சுமைதூக்கிப் பிழைத்தவர். அந்த இருவருக்கும் இடையில் மதம் ஒருபோதும் குறுக்கே நின்றதில்லை என்பதை லிம்பாலே நெகிழ்ச்சியோடு பதிவு செய்கிறார். மூன்று சமூகங்களின் குருதியும் உழைப்பும் கலந்த வீடு அது. அந்தக் கலப்புக்குக் காரணமாக இருந்தவை ஒரு பக்கம் பாட்டீலின் நில அதிகாரம், மறுபக்கம் இரு ஏழைகளின் அன்பு. ‘பல்பண்பாட்டுக் குடும்பம்’ என்ற அழகிய சொல் இவ்விரண்டையும் வேறுபடுத்திக் காட்டாது.

அந்த வீட்டில் என்ன சமைத்தார்கள்? மாடுகள் சோளத்தை மேய்ந்து, செரிக்காத மணிகளைச் சாணத்தோடு வெளியேற்றும். சந்தாமாயி அச்சாணத்தைச் சேகரித்து, நீரில் அலசி, மணிகளைப் பொறுக்கிக் காயவைத்து, அரைத்து ரொட்டி தட்டுவார். அதைத் தாம் உண்பார்; பேரனுக்கு நல்ல மாவு ரொட்டி தருவார். ஒருநாள் பேரன் அடம்பிடித்து அந்த ரொட்டியைக் கடித்துப் பார்க்கிறான். சாண நாற்றம் வீசுகிறது. பாட்டியின் கைப்பக்குவம் என்பதற்கு இந்நூல் தரும் பொருள் இது.

பள்ளிச் சிற்றுலாக் காட்சி பரவலாக அறியப்பட்டது. உயர்சாதி மாணவர்கள் தனியாகவும் மகர் பிள்ளைகள் தனியாகவும் அமர்ந்து உண்கிறார்கள். மீந்த பண்டங்கள் இவர்கள் பக்கம் வருகின்றன. வீடு திரும்பிய மகனிடம், எங்களுக்கும் கொஞ்சம் கொண்டுவரக் கூடாதா என்று தாய் கேட்கிறார். மறுநாள் ஆசிரியர் சிற்றுலாவைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொல்கிறார். அவமானப்பட்டவனே அதை இன்பச் சுற்றுலா என்று எழுதித் தர வேண்டியிருப்பதுதான் இக்காட்சியில் நம்மை மிகவும் வதைப்பது.

ஓம்பிரகாஷ் வால்மீகியின் ‘ஜூட்டன்’ 1997இல் இந்தியில் வந்தது. தலைப்பின் பொருளே எச்சில். உத்தரப் பிரதேச முசாபர்நகர் மாவட்டக் கிராமம் ஒன்றில், திருமண வீட்டு எச்சில் இலைகளில் மிஞ்சிய பூரித் துண்டுகளை வெயிலில் காயவைத்து மழைக்காலத்துக்குச் சேமிப்பார்கள். ஒரு திருமணத்தில் பிள்ளைகளுக்காக நல்ல உணவு கேட்ட தாய் இழிவுபடுத்தப்படுகிறார். அவர் எச்சில் கூடையை அங்கேயே கொட்டிவிட்டு எழுந்து வருகிறார். அதன்பின் அந்த வீட்டுக்கு எச்சில் வரவில்லை. பாமாவின் ‘கருக்கு’ (1992) நம் மொழியிலேயே இருப்பதால் நீட்டிச் சொல்லத் தேவையில்லை. பெரியவர் ஒருவர் பலகாரப் பொட்டலத்தைத் தொடாமல் கயிற்றைப் பிடித்துத் தூக்கிவரும் காட்சியைப் படித்தவர் மறக்கமாட்டார்.

இங்கே ஒரு சிக்கலும் உண்டு. எச்சிலையும் இறந்த மாட்டிறைச்சியையும் கைவிடுங்கள் என்று அம்பேத்கர் 1927 மார்ச்சில் மகாடு மாநாட்டில் அறைகூவினார். பல குடும்பங்கள் கைவிட்டன. 2015இல் ஷாகு பாட்டோளே மராத்தியில் வெளியிட்ட நூலோ, மராத்வாடாவின் மகர், மாங் சமூகச் சமையலைச் செய்முறைகளோடு ஆவணப்படுத்தியது. அன்னமே முழுமையான பிரம்மம் என்ற மராத்தி மரபுத்தொடரைப் புரட்டிப்போட்டு, ‘முழுமையற்ற பிரம்மம்’ எனத் தலைப்பிட்டார் அவர். குருதிப் பொரியலும் உலர்த்திய மாட்டிறைச்சியும் அதில் இடம்பெறுகின்றன. இது பின்னோக்கிய நடை என்று சிலர் கருதலாம். நாங்கள் அவ்வாறு கருதவில்லை. கெஞ்சிப் பெறும் எச்சில் வேறு, தன் கையால் ஆக்கிய இறைச்சி வேறு. அந்நூல் வெளியான அதே 2015இல்தான் மகாராட்டிரத்தின் கடுமையான மாட்டிறைச்சித் தடைச் சட்டம் குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றது. வெளிமாநிலத்தில் வெட்டிய இறைச்சியை வைத்திருப்பதையும் குற்றமாக்கிய பிரிவைப் பம்பாய் உயர் நீதிமன்றம் 2016 மே மாதம் செல்லாதென அறிவித்தது.

வழக்கறிஞர்களாகிய எங்களுக்கு இந்நூல்கள் வேறொரு வகையிலும் பயன்படுகின்றன. கல்விச் சலுகைப் படிவத்தில் ஊர்த் தலைவரின் கையொப்பம் வேண்டி நிற்கும் சிறுவன் லிம்பாலேயை என்ன சாதி என்று குறிப்பதென அவருக்கே விளங்கவில்லை. தந்தை லிங்காயத்து, காப்பாளர் முஸ்லிம், தாய் மகர். இன்றும் சாதி மறுப்புத் திருமணத்தில் பிறந்த பிள்ளைகள் இதே கேள்வியோடு எங்களிடம் வருகிறார்கள். ரமேஷ்பாய் டபாய் நைகா எதிர் குஜராத் மாநில அரசு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2012 ஜனவரியில் அளித்த தீர்ப்பு அவர்களுக்குப் பற்றுக்கோடு. பிள்ளைக்குத் தந்தையின் சாதியே என்ற ஊகம் முடிவானதன்று. பட்டியல் சாதி அல்லது பழங்குடித் தாயால் வளர்க்கப்பட்டதையும், தந்தையின் சாதியால் வாழ்வில் முன்னுரிமை ஏதும் கிட்டாமல் தாயின் சமூகத்தாரைப் போலவே இழப்பையும் இழிவையும் பட்டதையும், அச்சமூகமும் வெளியாரும் தன்னை அவ்வாறே நடத்தியதையும் பிள்ளை சான்றுகளால் காட்டலாம். லிம்பாலேயின் பெற்றோருக்குள் திருமணமே நடக்கவில்லை என்பதால் அவர் நிலை இதைவிடக் கடினமானது.

இழிவை எந்தத் தாளைக் கொண்டு மெய்ப்பிப்பது? பள்ளிப் பதிவேடும் குடும்ப அட்டையும் வேண்டும். ஆனால் அவற்றில் யார் வீட்டுப் பந்தியில் எங்கே உட்கார வைத்தார்கள் என்பது எழுதியிருக்காது. ஆகவே உறுதிமொழி ஆவணம் தயாரிக்கும்போது நாங்கள் முதலில் உணவைப் பற்றித்தான் கேட்கிறோம். திருவிழாவில் உங்கள் வீட்டுச் சோற்றை யார் உண்டார்கள்? தந்தைவழி உறவினர் வீட்டில் உங்களுக்கு எந்தத் தட்டு? ஒரு கல்லூரி மாணவி இக்கேள்விக்கு நெடுநேரம் பேசாமலிருந்தார். பிறகு, அப்பத்தா வீட்டில் தனக்கு எப்போதும் வாழையிலைதான் போடுவார்கள், அதை மரியாதை என்று நினைத்திருந்தேன் என்றார். அதை அப்படியே ஆவணத்தின் நான்காம் பத்தியாக எழுதினோம்.