யாழ்ப்பாணத்துப் பழங்கார்களும் பழுதறி கலையும்

வரலாறு எழுதப் புகுவோர் கோட்டைகளையும் கோவில்களையும் கல்வெட்டுகளையும் முதற்கண் நாடுதல் இயல்பே. ஆயின், ஒரு சமுதாயம் தனக்கு நேர்ந்த இடுக்கண்களை எவ்வாறு கடந்தது என்பதை அறிவதற்கு அதன் தொழிற்களங்களும் சிறந்த சான்றுகளாகும். யாழ்ப்பாணக் குடாநாட்டின் சென்ற நூற்றாண்டு வரலாற்றுக்கு அத்தகைய சான்றுகளாய் நிற்பன ஓஸ்ரின், மொறிஸ் என்னும் ஆங்கிலக் கார்களும் அவற்றைச் சாகவிடாது காத்த கராச்சுகளுமாம். பழுதின் மூலத்தை அங்குள்ளோர் எங்ஙனம் அறிந்தனர், அவ்வறிவு இன்று என்னாயிற்று என்பவற்றை ஈண்டு ஆராய்வாம்.

இக்கார்களுட் பெரும்பாலானவை 1950களில் உருவானவை. ஓஸ்ரின் ஏ40 சோமசெற் 1952 முதல் 1954 வரை இங்கிலாந்தில் உற்பத்தியாயிற்று. அதன் பின் கேம்பிறிட்ஜ் வந்தது. மொறிஸ் மைனர் 1948 இல் தோன்றி 1970களின் தொடக்கம் வரை நீடித்தது. போட்டியாயிருந்த இவ்விரு கம்பனிகளும் 1952 இல் ஒன்றாயின. அதன் பயனாக ஓஸ்ரின் கேம்பிறிட்ஜுக்கும் மொறிஸ் ஒக்ஸ்போட்டுக்கும் 1489 கன சென்ரிமீற்றர் கொண்ட ஒரே இன எஞ்சின் பொருத்தப்பட்டது. ஒன்றின் உறுப்பு மற்றொன்றுக்கு உதவியமை பிற்காலத்தில் எத்துணைப் பெரும்பேறாயிற்று என்பதைப் பின்னர்க் காண்போம். உத்தியோகத்தர், வைத்தியர், மலாயாவிலிருந்து ஓய்வூதியத்துடன் மீண்டோர் ஆகியோரின் முற்றங்களில் முதலில் நின்ற இவை, காலப்போக்கில் வாடகைக் கார்களாய் வீதிக்கு வந்தன. இவற்றின் வயதை அறிய விரும்புவோர் இலக்கத் தகட்டை நோக்கலாம். ஆங்கில எழுத்துத் தாங்கியவை பொதுவாக 1957க்கு முற்பட்டவை. அவ்வாண்டிலே சிங்கள 'ஸ்ரீ' தகட்டில் ஏறியதும் அதனால் எழுந்த கிளர்ச்சியும் யாவரும் அறிந்ததே. 1960களில் அந்நியச் செலாவணி முட்டுப்பாட்டால் கார் இறக்குமதி இறுகியது. 1977 வரை இந்நிலையே நீடித்தமையால், இருந்த காரைப் பேணுவதன்றி வேறு வழி இருக்கவில்லை.

பேணுதற்கு முன் அறிதல் வேண்டும். கியர் மாறாத காரை எடுத்துக்கொள்வோம். தேர்ந்த மெக்கானிக் ஒருவர் கியர்ப் பெட்டியை உடனே கழற்ற முற்படார். எஞ்சினை நிறுத்திவிட்டுக் கியர்த் தடியை அசைத்துப் பார்ப்பார். எஞ்சின் ஓடும்போது மறுத்த கியர், அது நின்றவுடன் இலகுவாய் விழுமாயின், குற்றம் பெட்டியினுள் இல்லை. கிளச் முற்றாக விடுபடவில்லை என்பது தெளிவு. நின்றபோதும் விழாதாயின் தடிக்கும் பெட்டிக்கும் இடையிலுள்ள இணைப்புக் கம்பிகளை நோக்குதல் வேண்டும். சோமசெற்றின் கியர்த் தடி சுக்கானின் கீழ் அமைந்தது. ஆதலின் அதன் இணைப்புகள் பல, தேய்வனவும் பல. ஒரு கியரில் மட்டும் பற்கள் உராய்ந்து கத்தினால் அக்கியருக்குரிய சமவேக வளையம் தேய்ந்தது என்க. கிளச்சை மிதித்தவுடன் ஓர் இரைச்சல் அடங்குமாயின் பெட்டியின் முன் பெயாரிங்கும், மிதித்தவுடன் எழுமாயின் கிளச்சின் அழுத்துறுப்பும் ஐயத்துக்குரியன. இவையாவும் ஓர் ஆணியைத்தானும் கழற்றாமல் அறியப்பட்டவை என்பது கருதற்பாலது.

எஞ்சினும் அவ்வாறே. நான்கு சிலிண்டர்களுள் எது வேலை செய்யவில்லை என அறிதற்கு, ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சினில் மரப்பிடித் திருப்புளியால் ஒவ்வொரு பிளக்கின் தீப்பொறியையும் முறையே தடுப்பர். நல்ல சிலிண்டரைத் தடுத்தால் எஞ்சின் தளரும். எதனைத் தடுத்தபோது ஓசை மாறவில்லையோ அதுவே நோயுற்றது. நம் சித்த வைத்தியர் நாடி, பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம் என எண்வகையாற் சோதிப்பர். பிளக்கின் நிறமும் புகையின் நிறமும், எஞ்சினின் மொழியும், தொட்டறியும் சூடும், எண்ணெயின் மணமும் தடிப்பும் கராச்சு வைத்தியருக்கு அங்ஙனம் அமைந்தன. ஒப்புமையை இதற்கு மேல் நீட்டுதல் வேண்டா.

இக்கலை உச்சம் எய்தியது 1990க்குப் பின்னராகும். அவ்வாண்டு ஜூனில் போர் மீண்டும் மூண்டது, புகையிரதம் நின்றது, மின்சாரம் அற்றது. பெற்றோல், மின்கலம் முதலியன வடக்கே செல்லுதல் தடுக்கப்பட்டது. அக்காலத்திலே கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சிறிதளவு பெற்றோலைக் காபுறேற்றரில் விட்டு எஞ்சினைக் கிளப்பிச் சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். இது விந்தையன்று, இங்கிலாந்தின் உழவு யந்திரங்கள் சில இம்முறைக்கென்றே ஆக்கப்பட்டவை. விந்தை யாதெனில், அதற்கென ஆக்கப்படாத கார்களை அதற்கு இணங்கச் செய்தமையே. பழைய எஞ்சின்களின் அமுக்கவிகிதம் தாழ்ந்திருந்தமையும், குடாநாட்டு வீதிகளில் ஏற்றம் இன்மையும் துணைசெய்தன. ஆயினும் மண்ணெண்ணெய் தகாத நேரத்தில் வெடித்து எஞ்சினைத் தட்டும். ஆதலின் தீப்பொறி பிறக்கும் கணத்தைப் பிந்தச் செய்தனர். பிளக்குகளிற் கரி படிந்தது; அடிக்கடி கழற்றித் துடைத்தனர். எரியாது எஞ்சிய மண்ணெண்ணெய் பிஸ்ரனைக் கடந்து கீழிறங்கி எண்ணெயுடன் கலந்தது. இதனால் ஒரு புதுமையான நோய்க்குறி தோன்றிற்று. ஓடிய எஞ்சினில் எண்ணெய் குறைதல் இயல்பு. இங்கோ அளவுக்கம்பியில் எண்ணெய் ஏறிக் காட்டிற்று! எண்ணெய் கூடியிருக்கிறது என்று மகிழ்ந்தவன் பெயாரிங்குகளை இழந்தான். விரலிடைத் தேய்த்து அதன் நீர்மையை உணர்ந்தவன் தப்பினான். உதிரியுறுப்பு வாராத ஊரில் தவறான நிதானிப்புக்கு இடமில்லை. ஒரு காரின் உறுப்பை இன்னொன்றிற் பொருத்துவதாயினும், எவ்வுறுப்பு என்பதை ஐயமற அறிந்த பின்னரே கைவைத்தல் வேண்டும்.

2002 இல் ஏ9 வீதி திறந்தது. 2006 இல் மூடி, 2009க்குப் பின் மீண்டும் திறந்தது. யப்பானிய மறுசீரமைப்புக் கார்கள் குடாநாட்டை நிறைத்தன. இவற்றிலே பழுதைக் கணினி சொல்லுகிறது. ஐக்கிய அமெரிக்காவில் விற்பனையாகும் புதிய கார்கள் யாவும் ஒரே வகைப் பிழைக்குறிகளைத் தருதல் வேண்டும் என்னும் விதி 1996ஆம் ஆண்டுக் கார்கள் தொட்டு நடைமுறையாயிற்று; பெற்றோற் கார்களுக்கு ஐரோப்பா 2001 இல் அதனைக் கைக்கொண்டது. அதற்கு முற்பட்ட ரொயோற்றாக்களிற் பலவற்றில் குறித்த இரு முனைகளை ஒரு துண்டுக் கம்பியால் இணைத்தால் எஞ்சின் விளக்கு இமைக்கும். இமைப்புகளை எண்ணிக் குறியை அறியலாம். பின் வந்தவற்றில் 'பீ' என்னும் எழுத்தும் நான்கு இலக்கங்களும் திரையில் தோன்றும். பீ 0301 என்றால் முதற் சிலிண்டர் தவறுகிறது என்பது பொருள். சுழல்தண்டின் வேகம் ஒரு கணம் தளர்வதைக் கொண்டே கணினி இதனை உணர்கிறது. திருப்புளி பிடித்தவர் செவியால் உணர்ந்ததும் அத்தளர்ச்சியையன்றோ?

ஆனால் குறி என்பது முறைப்பாடு, தீர்ப்பன்று. முதற் சிலிண்டர் தவறுவதற்குப் பிளக், தீச்சுருள், எரிபொருட் குழல், வால்வு என்று பல காரணம் உண்டு. தீச்சுருளை அடுத்த சிலிண்டருக்கு மாற்றினால் குறியும் உடன் பெயர்கின்றதா எனப் பார்த்தல் செலவற்ற சோதனை. அதனைச் செய்யாது, திரை சொன்ன சிலிண்டருக்கு வேண்டிய யாவற்றையும் வாங்கி மாட்டுவோர் பலர். பீ 0171 எஞ்சினுக்கு எரிபொருள் போதாமை கூறும். காற்றுக் குழாயில் ஒரு வெடிப்பு இருக்க, ஒட்சிசன் உணர்கருவியை மாற்றிப் பணம் இழப்பர். தானியங்கிக் கியர்க் கார்களில் பீ 0700 என்பது இன்னும் வேடிக்கை. கியர்ப் பெட்டியின் கணினி ஏதோ ஒரு பிழையைக் குறித்து வைத்திருக்கிறது என்பதற்கு மேல் அது யாதும் சொல்லாது. அக்கணினியைத் தனியே வினவுதல் வேண்டும். அதற்கு முன் பெட்டியின் எண்ணெயை மோந்து பார்க்கலாம். கருகிய நாற்றம் இருப்பின் உள்ளே தட்டுகள் வழுக்கித் தீய்ந்துள்ளன. விற்பவர் குறிகளை முதல்நாள் அழித்துவிடலும் உண்டு. சாவியைத் திருப்பியவுடன் எஞ்சின் விளக்கு ஒருமுறை எரிகின்றதா என்று வாங்குவோர் நோக்குக. எரியாதாயின் விளக்கையே அகற்றியிருக்கலாம். கருவியில் அகச்சோதனைகள் 'முற்றுப்பெறவில்லை' எனத் தோன்றினால், குறி அண்மையில் அழிக்கப்பட்டது அல்லது மின்கலம் கழற்றப்பட்டது என்று கொள்க.

உறுப்பு எளிதிற் கிடைக்குமிடத்து 'ஏன்' என்னும் கேள்வி மெலிகின்றது என்பதே எமது கருத்து. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, சொந்த வாகனங்களுக்கு 2025 வரை அத்தடை நீடித்தபோது, பழைய கார்களின் விலை ஏறியது. பழுதறிவோரின் மதிப்பும் உடன் ஏறியது. 1960களின் நிலை வேறு உருவில் மீண்டமை வரலாற்று மாணாக்கர் கவனிக்கத்தக்கது.

சோமசெற்றின் கைநூலில் தீப்பொறிக் கணம், வால்வு இடைவெளி ஆகியவற்றின் அளவுகள் அச்சில் உள்ளன; அவை யாவும் பெற்றோலுக்கு உரியவை. மண்ணெண்ணெய்க்கென 1990களில் இங்கு கண்டறியப்பட்ட அளவுகள் எக்கைநூலிலும் இல்லை. அவற்றைக் கையால் வைத்தவர்கள் இன்று முதியவர்கள். எந்தக் காருக்கு எத்துணைப் பாகை பிந்தச் செய்தனர், எத்தனை மைலுக்கு ஒருமுறை எண்ணெய் மாற்றினர், கிழிந்த பொதிதாளுக்கு எதனை வெட்டி வைத்தனர் என்பவற்றை நம் விஞ்ஞான மாணாக்கர் ஒரு குறிப்பேட்டுடன் சென்று கேட்டெழுதலாம்; சில பழங்கார்கள் இன்னும் ஓடுகின்றமையால் கேட்டதைச் சரிபார்த்தலும் கூடும்.