ச்சா ச்சக்: இழுத்து ஆற்றிய தேநீரும் நம் சபராளிகளும்



‘தாய் டீ’ என்று நான் சொன்னதும், “உம்மா போட்டுத் தருகிற டீயா, ஹஜரத்?” என்று மாணவன் ஒருவன் கேட்டான். தாய்லாந்தின் பெயர் நம் மொழியில் அப்படித்தான் ஒலிக்கிறது; பிழை அவனுடையதன்று.

பாங்காக்கில் பருகப்படும் ‘ச்சா யென்’ பலரும் அறிந்தது. கடும் சாயம், டின் பால், சர்க்கரை, பனிக்கட்டி, செம்மஞ்சள் நிறம். ஆனால் முஸ்லிம்கள் மிகுதியாக வாழும் அந்நாட்டின் தென்பகுதியில் ‘ச்சா ச்சக்’ என வேறொன்று உண்டு. ஹாட்யாயில் உறவினர் ஒருவர் என்னைப் பழைய கடையொன்றுக்கு அழைத்துச் சென்றார். முதியவர் ஒருவர் இரு குவளைகளை ஏந்தி, தலைக்கு மேலிருந்து இடுப்பளவுக்குத் தேநீரை இழுத்து ஆற்றினார். நான் காரைக்கால் கடைத்தெருவில் நிற்பது போலவே உணர்ந்தேன்.

‘ச்சக்’ என்றால் இழுத்தல். மலாய் மொழியின் ‘தே தாரிக்’ என்பதற்கும் அதே பொருள்தான். 1909-இல் ஆங்கிலேயரும் சயாமும் செய்த உடன்படிக்கை கெடாவையும் கிளந்தானையும் ஒருபுறமும் பட்டாணியை மறுபுறமும் நிறுத்தியது. எல்லைக்கோடு தேநீரைத் தடுக்கவில்லை.

மலாயாவில் இந்தத் தேநீரைப் பரப்பியவர்கள் தமிழ் முஸ்லிம்களே. ரப்பர்த் தோட்டத் தொழிலாளர்களுக்கு அவர்கள் தேநீர் விற்றனர். சிங்கப்பூரில் அவர்களுடைய கடைகளுக்குச் ‘சரபத்’ கடைகள் என்று பெயர். ‘ஷர்பத்’ என்னும் அரபுச் சொல்லின் திரிபு அது. வாட்டர்லூ தெருவின் சரபத் கடைகளும் அவற்றின் இஞ்சித் தேநீரும் ஒருகாலத்தில் புகழ்பெற்றிருந்தன.

காரைக்கால் 1739 முதல் 1954 வரை பிரெஞ்சுக்காரர் வசம் இருந்தமையால், நம்மவர் பலர் சைகோனுக்குச் சென்றனர். அங்கே தென்னிந்திய முஸ்லிம்கள் 1935-இல் எழுப்பிய பள்ளிவாசல் இன்றும் நிற்கிறது. பினாங்கில் 1801-இல் தோன்றிய கப்பித்தான் கிளிங் பள்ளியும் அவ்வாறே. கொடையளித்த வணிகர்களின் பெயர்களை வரலாறு குறித்து வைத்தது. அப்பள்ளிகளின் வெளியே குவளை கழுவியவனைக் குறிக்கவில்லை. தம் கை உழைப்பால் உண்ட நபி தாவூத் (அலை) அவர்களைப் பற்றி வகுப்பில் நாள்தோறும் பேசுகின்ற எனக்கே இது தாமதமாகத்தான் உறைத்தது.

என் பாட்டனார் அப்படியொரு சபராளி. நாகப்பட்டினத்தில் ‘ரஜூலா’ கப்பலேறிப் பினாங்கு சென்றார். இருபத்திரண்டு ஆண்டுகளில் ஐந்து முறையே ஊர் வந்தார். கடை எந்தத் தெருவில் இருந்தது என்பதை எங்கள் குடும்பத்தில் யாரும் கேட்டு வைக்கவில்லை. கேட்டிருக்க வேண்டிய வயதில் எனக்குக் கிரிக்கெட் இருந்தது.

அவர் கொண்டுவந்தவற்றுள் எஞ்சியது ஒரே பொருள்: டின் பால் டப்பா. பாட்டியார் கடைசிவரை அதிலேதான் அரிசி அளந்தார்.