மோட்பஸும் கொத்தாகக் கேட்கும் முறையும்

ஆலை இயந்திரங்களை இயக்கும் பிஎல்சி என்னும் கட்டுப்பாட்டுக் கருவிகளுக்காக அமெரிக்காவின் மோடிகான் நிறுவனம் 1979-இல் வெளியிட்ட மோட்பஸ் நெறிமுறை, 16 பிட் எண் ஒன்றைத் தாங்கும் நினைவக அறைகளான பதிவேடுகளை, அவை அடுத்தடுத்து இருந்தால், ஒரே கேள்வியில் கொத்தாகப் படிக்க வழிசெய்தது. தனியொரு பதிவேட்டுக்குக் கேள்வி 8 பைட்டும் பதில் 7 பைட்டும் ஆவதால், நூறு பதிவேடுகளைத் தனித்தனியே கேட்டால் கம்பியில் 1500 பைட்டுகள் செல்ல வேண்டும். சேர்த்துக் கேட்டால் 213 போதும். நொடிக்கு 9600 பிட் மட்டுமே செல்லும் தொடர் இணைப்பில் இது மிகப் பெரிய சிக்கனம். ஆயினும் செய்திக்கு 256 பைட்டு என்ற உச்சவரம்பு, ஒரு தடவையில் படிப்பதை 125 பதிவேடுகளோடும் எழுதுவதை 123-ஓடும் நிறுத்தியது.

வேகத்தைவிட முக்கியமானது மதிப்புகளின் ஒருமை. நீரோட்டக் கணக்கு போன்ற 32 பிட் எண் இரண்டு பதிவேடுகளில் பிரிந்திருக்கையில், கீழ்ப்பாதியைத் தனிக் கேள்வியில் படித்தபின் கணக்கு 65,535-லிருந்து 65,536-க்கு ஏறி, அதன்பின் மேற்பாதி படிக்கப்பட்டால், கணக்கு அதுவரை எட்டியிராத 1,31,071 என்ற எண் திரையில் தோன்றும்.

சிதறிய முகவரிகளில் உள்ள பதிவேடுகளை ஒரே கேள்வியில் படிக்க மோட்பஸில் வழியில்லை. ஆகவே நிரலாளர்கள் இடைவெளிகளையும் சேர்த்துப் படித்து வேண்டாதவற்றைத் தள்ளினர், அல்லது வேண்டியவற்றைக் கருவிக்குள்ளேயே ஓரிடத்தில் திரட்டினர். சீமென்ஸ் நிறுவனத்தின் எஸ்7, பின்னர் வந்த ஓபிசி யுஏ ஆகிய நெறிமுறைகள் சிதறிய மாறிகளின் பட்டியலையே ஒரு கேள்வியாக ஏற்று, ஒவ்வொன்றுக்கும் தனித்தனி நிலைக்குறியீட்டைத் திருப்பியதால், எழுதுகையில் சில நிறைவேறிச் சில தவறும் நிலையையும் நிரலாளர் கையாள வேண்டியதாயிற்று.