நிலவேம்பு: காட்டுச் செடி பயிரான வரலாறு



பள்ளி மூலிகைத் தோட்டங்களில் துளசிக்கும் கற்பூரவல்லிக்கும் அருகே நிலவேம்பும் இடம்பெறுவதுண்டு. முழங்கால் உயரம், ஈட்டி போன்ற இலை, ஊதாக் கீற்றுடைய சிறிய வெண்பூ. இவையே இதன் அடையாளங்கள். பெயரில் வேம்பு இருப்பினும் இது வேப்ப மரத்தின் உறவன்று. ஆடாதோடை, கனகாம்பரம் ஆகியவை அடங்கிய அக்காந்தேசியே குடும்பத்தைச் சேர்ந்தது.

இந்தியாவையும் இலங்கையையும் தாயகமாகக் கொண்ட இச்செடிக்குச் சென்றவிடமெல்லாம் கசப்பே பெயர் சூட்டியது. தமிழர் நிலத்தில் வளரும் வேம்பு என்றனர். மலாய்க்காரர் ‘ஹெம்பெடு பூமி’, அதாவது மண்ணின் பித்தம், என்றனர். ஆனால் சுவையை மட்டும் நம்பியதால் குழப்பமும் நேர்ந்தது. இமயமலைச் சாரலில் விளையும் ‘சிராயித்தா’ என்னும் வேறொரு கசப்புச் செடியும் இதுவும் சந்தையில் ஒன்றுக்கு மாற்றாக ஒன்று விற்கப்பட்டன.

அடையாளத்தை வரையறுக்கும் பணியைத் தாவரவியல் மேற்கொண்டது. 1768-இல் நிக்கோலாஸ் பர்மன் இதனை விவரித்தார். 1832-இல் நீஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர் ‘ஆண்ட்ரோகிராபிஸ்’ என்னும் பேரினத்தில் இதனைச் சேர்த்தார். 1911-இல் கோர்ட்டர் என்பவர் இதன் கசப்புப் பொருளைப் பிரித்து ஆராய்ந்து ‘ஆண்ட்ரோகிராஃபோலைடு’ எனப் பெயரிட்டார். அதன் பின்னரே, நாவால் உணர்ந்த கசப்பை அளந்தறியும் வழி பிறந்தது.

இச்செடி பயிரானதன் காரணம் இங்குதான் உள்ளது. நெடுங்காலம் மக்கள் மழைக்காலத்தில் தானே முளைப்பதைப் பறித்தே பயன்படுத்தினர். தேவை பெருகியபோது அது போதவில்லை. பறிக்கும் பருவத்திற்கேற்ப மருந்துப் பொருளின் அளவும் மாறியது. எனவே 1950-களில் தென்சீனாவில் இது பயிரிடப்பட்டது. இந்தியாவில் லக்னோவிலுள்ள மத்திய மருத்துவ, நறுமணத் தாவர நிறுவனம் ‘சிம் மேகா’ என்னும் தேர்ந்த இரகத்தை உருவாக்கியது.

பயிரிடும் முறை எளிது. ஆயினும் கவனம் வேண்டும். நுண்ணிய விதையை மணலோடு கலந்து நாற்றங்காலில் தூவி, மழை தொடங்கியதும் நாற்றைப் பிடுங்கி நடுவர். ஏறக்குறைய மூன்று, நான்கு மாதங்களில் பூக்கத் தொடங்கும். இலையில் ஆண்ட்ரோகிராஃபோலைடு மிகுந்திருக்கும் அப்பருவமே அறுவடைக்கு ஏற்றது. காலம் தாழ்த்தினால் இலை உதிரும். காய் வெடித்து விதையும் சிதறும்.

அண்மைக் காலக் கொள்ளைநோய்கள் இப்பயிரின் புகழை உயர்த்தின. 2012-இல் டெங்கு பரவியபோது தமிழ்நாட்டு அரசு, நிலவேம்போடு வெட்டிவேர், சுக்கு, மிளகு முதலிய ஒன்பது சரக்குகள் சேர்ந்த நிலவேம்புக் குடிநீரை வழங்கியது. தாய்லாந்து 1999-இல் இதனைத் தன் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்திருந்தது; கோவிட் காலத்தில் நோயாளிகளுக்கும் கொடுத்தது. ஆனால் அதற்குச் சான்றாகக் காட்டப்பட்ட ஓர் ஆய்வறிக்கை, புள்ளிவிவரக் கணக்கில் பிழை இருந்தமையால் 2021 ஆகஸ்டில் ஆய்வாளர்களாலேயே திரும்பப் பெறப்பட்டது. மரபின் பெருமை பேசும் நாம் அந்த நேர்மையையும் மாணவர்க்குச் சொல்லியாக வேண்டும்.

கசப்பாக இருப்பதனாலேயே ஒன்று மருந்தாகிவிடாது. இயற்கையானது என்பதனாலேயே தீங்கற்றதும் ஆகாது. கருவுற்ற பெண்கள் நிலவேம்பைத் தவிர்க்க வேண்டும். அரிதாகச் சிலருக்குக் கடும் ஒவ்வாமையும் ஏற்படக்கூடும். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் கஷாயம் வைப்பதற்கு முன் மருத்துவரை அணுகுவதே முறை.

எனவே, பள்ளித் தோட்டத்தில் நிலவேம்பு நடும்போது ‘காய்ச்சலுக்கு நல்லது’ என்று மட்டும் பலகை எழுதாதீர்கள். அதன் தமிழ்ப்பெயர், மலாய்ப்பெயர், தாவரவியற்பெயர் மூன்றையும் எழுதுங்கள். நட்ட நாள், பூத்த நாள், உயரம் ஆகியவற்றை மாணவர்களே குறித்து வரட்டும். முன்னோர் நாவால் அறிந்ததைக் கண்ணாலும் கணக்காலும் அறியப் பழகுவதே நாம் அவர்களுக்கு அளிக்கும் கல்வியாகும்.