முழுத் தீர்வை கட்டுறோம், ஆளை விடு

வரி வக்கீல்னா யாரு? கட்சிக்காரனுக்கு வரியைக் குறைத்துக் கொடுப்பவர். ஆனால் பாரிஸ்டர் அம்பேத்கர் தன் சனங்களுக்காகச் சட்டமன்றத்தில் கேட்டது இதற்கு நேர் தலைகீழானது.

1922இல் லண்டன் கிரேஸ் இன்னில் பாரிஸ்டரான அவர், 1923இல் பம்பாய் உயர்நீதிமன்றத்தில் தொழிலைத் தொடங்கினார். பதிவுக் கட்டணத்துக்கே நண்பர் நாவல் பதேனாவின் உதவி தேவைப்பட்டது. அதே 1923இல் ரூபாயின் சிக்கல் பற்றியும், 1925இல் மாகாண நிதி பற்றியும் அவருடைய நூல்கள் லண்டனில் வெளிவந்தன. அரசாங்கம் யாரிடம் பிடுங்கி யாருக்குச் செலவழிக்கிறது என்பதைக் கரைத்துக் குடித்தவர். என்ன பயன்? தீண்டத்தகாத பாரிஸ்டரிடம் வழக்குக் கொடுக்க நகரத்து சொலிசிட்டர்கள் வரவில்லை. மொஃபசல் கோர்ட்டுகளின் சில்லறை வழக்குகளும், கணக்கியல் பயிற்சி நிலையத்தில் வணிகச் சட்டம் சொல்லிக்கொடுத்த கூலியும்தான் சோறு போட்டன.

பணக்காரக் கட்சிக்காரன் வராத அந்தப் படிப்பு 1927 பிப்ரவரியில் பம்பாய் சட்டமன்றத்தில் பேசியது. வருமானம் இல்லாதவனிடம் வருமான வரி கேட்பதில்லை. விளைஞ்சாலும் காஞ்சாலும் குடியானவன் மட்டும் நிலவரி கட்டணும். இது என்ன நியாயம் என்று கேட்டார்.

1928 மார்ச்சில் அவர் கொண்டுவந்த மசோதா இன்னும் கூர்மையானது. மகர்களுக்கு 'வதன்' என்று துண்டு நிலம் இருந்தது. நம்ம பக்கத்து வெட்டியான் மானியம் மாதிரி. தீர்வையில் சலுகை உண்டு. அதற்கு விலை? 1874ஆம் ஆண்டுச் சட்டப்படி, ராத்திரி பகல் பார்க்காமல் சர்க்கார் கூப்பிட்ட நேரத்தில் ஓடணும். அப்பன் போக முடியாவிட்டால் வீட்டில் இன்னொருத்தன் போகணும். வேலை வாங்குவது சர்க்கார். 'பலுத்தா' என்று தானியம் அளப்பது ஊர். கூலி கேட்டால் அது பிச்சையாகிப்போகும். எதிர்த்துப் பேசினால் அதுவும் நின்றுபோகும்.

அம்பேத்கரின் மசோதா சொன்னது இதுதான்: விரும்பும் மகர் முழுத் தீர்வை கட்டி நிலத்தை வைத்துக்கொள்ளட்டும், ஊழியத்திலிருந்து அவனை விடுவியுங்கள். பலுத்தாவைப் பணமாக்கி நிலவரியோடு சேர்த்து வசூலியுங்கள். வரிச் சலுகைதான் காலில் கிடக்கும் விலங்கு என்று கண்ட வக்கீலின் வாதம் இது. வரி கட்டுறவன் குடிமகன். மானியம் வாங்குறவன் அடிமை.

மசோதா நிறைவேறவில்லை. கொங்கணத்தில் வரி வசூல் உரிமையை வைத்துக் குடியானவனை உறிஞ்சிய கோத்துகளுக்கு எதிராக 1937இல் அவர் கொண்டுவந்த மசோதாவும் நிறைவேறவில்லை. கோத்தி முறையை ஒழிக்கும் சட்டம் 1949இல்தான் வந்தது. வதன் ஒழிப்புச் சட்டம் வந்தது 1958இல், அண்ணல் மறைந்து இரண்டு ஆண்டு கழித்து. அப்போதும், உழைச்ச நிலத்தைத் திரும்பப் பெற முழுத் தீர்வையைப்போல் மூன்று மடங்கு கட்டச் சொன்னது சட்டம்.

சலுகை என்று யாராவது நீட்டினால் கை நீட்டுமுன் கேளுங்கள்: இதுக்குப் பதிலா எங்கிட்ட எதை வாங்கப் போறே?